உத்தரா ஜெட்டி வரைக்கும்

பேனா எழுதவில்லை. விஜயகுமாரி அதை உதறினாள், காகிதத்தின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள், மறுபடி உதறினாள். எதிரே நின்ற சிவபிரகாஷ் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான். ஹெலிகாப்டரில் ஏற்றும் நோயாளிகளின் பட்டியலை வைத்திருக்கும் கிளார்க் அவன்.

"அம்மா, நல்லா யோசிச்சுக்கங்க. பிரவீன் அண்ணன் காலையில இருந்து பத்து போன் போட்டுட்டாரு. சார் பேருதான் ஒண்ணாம் நம்பர். பக்கா."

"ஒண்ணாம் நம்பர அடிச்சிட்டு அந்தப் புள்ள பேர எழுதுப்பா. ஒம் பேனாவக் குடு."

வடக்கு அந்தமானில், திக்லிபூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் கிடந்தன. ஒன்றில் அவள் கணவர் ஒச்சப்பன், வயது எழுபத்திரண்டு, முன்னாள் எம்.பி. விடிந்ததும் பாக்குத் தோட்டத்தில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இன்னொன்றில் பஜாரில் ஃபேன்ஸி கடை வைத்திருக்கும் பைசலின் மனைவி அஸ்ரின். எட்டாம் மாதம். காலையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. போர்ட்பிளேர் போகிற ஹெலிகாப்டரில் படுத்துப்போக ஒருத்தருக்குத்தான் இடம். தெற்கே மழை கட்டிக்கொண்டு நின்றது. இன்றைக்கு இன்னொரு நடை வருவது சந்தேகம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

இரண்டு பேருமே போக வேண்டியவர்கள்தான் என்றார் டாக்டர். ரோட்டில் போனால் ஒன்பது மணி நேரம், யாரையும் அப்படி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை என்றார். அவர் ஆந்திராக்காரர், தீவில் எல்லாரையும் போல இந்தியில்தான் பேசுவார். யார் பெயர் முதலில் என்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதெல்லாம் போர்ட்பிளேரில் டெய்ரி ஃபார்ம் ஏரியா வீட்டில் உட்கார்ந்துகொண்டு மகன் பிரவீன்குமார் பேசி முடித்துவிட்ட விஷயம்.

அதுவரை விஜயகுமாரியும் ஓரமாகத்தான் நின்றாள். கணவரின் கடைவாயில் ஒழுகியதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பைக்குள் மாற்றுவேட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எல்லாப் பெண்டாட்டிகளையும் போலத்தான் இருந்தாள். பைசல் வந்து ஒச்சப்பனின் காலைத் தொட்டான். "நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க சார். நாங்க ரோட்ல பாத்துக்கறோம்" என்றான். அவன் சண்டைக்கு வந்திருந்தால்கூட அவள் சும்மா இருந்திருப்பாள். ரோட்ல பாத்துக்கறோம் என்றானே, பாவி, அந்தச் சொல்தான் அவளைப் பிடித்துத் தள்ளியது. நேராகப் போய் சிவபிரகாஷிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவருக்கு எல்லாம் புரிகிறது" என்றார் டாக்டர். "பேச்சுத்தான் வரவில்லை. அவரைக் கேட்காமல் நீங்களாக எழுதுவது சரியில்லை."

"கேட்டுட்டாப் போச்சு."

எம்.பி.யை வழியனுப்ப நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் கையில் போன், போனில் வீடியோ. விஜயகுமாரி குனியவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏங்க, ஹெலியில ஒரே ஒரு எடம்தான் இருக்காம். இந்தப் புள்ள மாசமா இருக்கு. அன்னைக்கு நம்ம நளினி சீட்ட மாசமா இருந்த பொம்பளைக்கு விட்டுக் குடுத்தீகள்ல? இன்னைக்கு ஒங்க சீட்ட இந்தப் புள்ளைக்குக் குடுத்திரலாம்ல?"

ஒச்சப்பனின் கண் விரிந்தது. அவளைப் பார்த்தார். நளினி போன இந்த இருபத்தேழு வருஷத்தில் அப்படி முழுசாக அவளை அவர் பார்த்ததே இல்லை. பிறகு விளங்குகிற அந்த ஒரே கை, இடது கை, மெதுவாக மேலே எழுந்தது. விரல்களை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

அவளுக்குப் புரிந்தது. அவளைத் தவிர ஒரு நாதிக்கும் புரியவில்லை. ஏனென்றால் அந்தக் கையை அந்தமான் முழுக்கத் தெரியும். வலது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இடது கையை ஜனத்தைப் பார்த்து இப்படித்தான் தூக்கி ஆட்டுவார், தெற்குக் கோடி கேம்பல்பே வரைக்கும் எல்லா மேடையிலும். போஸ்டரிலும் அந்தக் கைதான்.

யாரோ ஒருத்தன் கேவிக்கேவி அழ ஆரம்பித்தான். இன்னொருத்தன், "ஒச்சப்பன் சாப்!" என்று கத்த, வராந்தா முழுக்க "ஜிந்தாபாத்!" என்றது. பைசல் தரையில் விழுந்து ஸ்ட்ரெச்சரின் காலைப் பிடித்துக்கொண்டான். கை இன்னும் வேகமாக ஆடியது. ஜிந்தாபாத்தும் வேகமாக வந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை" என்றார்.

விஜயகுமாரி சிவபிரகாஷின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒச்சப்பன் எம்.பி.யாக இருந்தது இரண்டு தடவை. எம்.பி.யாக நடந்துகொண்டது இன்று காலை வரைக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ரோடு போட வந்த கூலிக்காரரின் மகன், தானே ரோடு கான்ட்ராக்டராகி, பஞ்சாயத்தில் நின்று ஜெயித்து, டெல்லிக்குப் போனது பெரிய கதைதான். ஆனால் அந்தக் கதையை யாரும் ரோட்டிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். ஹெலிகாப்டரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

முதல் எம்.பி. தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். மகள் நளினிக்கு நான்கு நாளாக மலேரியாக் காய்ச்சல், மூளைக்கு ஏறுகிற மாதிரி இருக்கிறது, போர்ட்பிளேர் கொண்டுபோ என்றார்கள். ஹெலியில் பிள்ளைக்கு ஒரு சீட், கூடப் போகிற தாய்க்கு ஒரு சீட். எழுதியாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து, கட்சி டிக்கெட் ஒச்சப்பனுக்குத்தான் என்று தந்தி மாதிரி போன் வந்தது. மூன்று மணிக்குள் போர்ட்பிளேரில் மனு கொடுக்க வேண்டும். மனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட ஒரு ஆளும் கூட வேண்டும். "காய்ச்சல்தானே குமாரி, நாளைக்கும் ஹெலி வரும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் சீட்டில் அவரும் அவளுடைய சீட்டில் முன்மொழியப் போகிற கட்சிக்காரர் நாகலிங்கமும் ஏறிப் போனார்கள். மத்தியானம் பிள்ளைக்கு வெட்டு கண்டது, கைகாலெல்லாம் இழுத்துக்கொண்டது. விஜயகுமாரி ஒரு மரக்கம்பெனி ஜீப்பைப் பிடித்து ரோட்டில் கிளம்பினாள். மறுநாள் விடிகிற நேரம், உத்தரா ஜெட்டிப் படகுத்துறையில் முதல் ஃபெர்ரிக்காகக் காத்திருந்தபோது பிள்ளை போய்விட்டாள்.

எதிர்க்கட்சிக்காரன் விடுவானா? மகளைச் சாகவிட்டு மனு கொடுத்தவன் என்று நோட்டீஸ் அடித்துவிட்டான். அதற்குப் பதிலாகத்தான் ரங்கத் கூட்டத்தில் அந்தக் கதை பிறந்தது. ஹெலிபேடில் ஒரு வங்காளிப் பெண் பிரசவ வலியில் துடித்தாளாம். மகளின் சீட்டை அவளுக்குக் கொடுத்தாராம். அப்படியானால் நீ எந்த சீட்டில் ஏறிப் போனாய்யா என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. ஜனம் அழுதது. நளினிக்கு ஒன்பது வயது. ரங்கத்தில் ஏழு என்றார். இரண்டாவது தேர்தலில் ஐந்தாகிவிட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் பிள்ளை சின்னதாகிக்கொண்டே போனாள். பார்லிமென்டில் முதல் பேச்சே தீவுகளுக்கு இன்னொரு ஹெலிகாப்டர் வேண்டும் என்பதுதான். நாலு நிமிஷம், இந்தியில். மகளைப் பற்றிச் சொன்னதும் எல்லாக் கட்சிக்காரர்களும் மேஜையைத் தட்டினார்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் விஜயகுமாரி புதுப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

எந்த மேடையிலும் அவள் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பாள். "இதோ, பெற்றவள் இருக்கிறாள், கேளுங்கள்" என்று அவர் திரும்புவார். அவள் தலையை ஆட்டுவாள். வேறு எதுவும் அவள் செய்யவேண்டியதில்லை.

ஒச்சப்பனை ஏற்றிக்கொண்டு ரோட்டில் கிளம்பிய ஆம்புலன்ஸ் காளிகாட் கிராமத்தைத் தாண்டும்போது தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஒச்சப்பனின் கண் வண்டியின் தகரக்கூரையில் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய், ஒரு இடத்தில் நின்றது.

"போகுது பாருங்க" என்றாள் விஜயகுமாரி. "நல்லா ஒக்காந்து போயிருக்கீக இத்தனை வருசம். இன்னைக்குத்தான் நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா ரோட்ல போறோம்."

பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒரு வங்காளிப் பெண். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முன்னால் வண்டி ஓட்டுகிறவனை எல்லாரும் ராஜு என்பார்கள். நாற்பது வயது இருக்கும், காலையிலிருந்து எல்லாரிடமும் இந்தியிலேயே பேசினான், ராஞ்சிக்காரனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆக, வண்டிக்குள் அவள் பேசுவது புரிகிற ஆள் ஒரே ஒருத்தர். அவரால் எழுந்து போக முடியாது. கூட்டம் இருக்கு, ஆள் வந்திருக்கு, போன் வருது என்று சொல்ல முடியாது.

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். அவர் சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளை எப்படிப் போனாள் என்று இந்த மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளைக் கேட்டதில்லை. ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. கேட்காதவர் இன்றைக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். உத்தரா ஜெட்டி வரைக்கும். அதற்குப் பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

ஆஸ்டின் பாலத்தில் வண்டி ஏறியதும் ஆரம்பித்தாள்.

"அப்ப இந்தப் பாலம் கெடையாதுங்க. தோணிக்காகக் காத்துக் கெடந்தோம். இந்தா, இந்த எடத்துலதான் மொதத் தடவ வாந்தி எடுத்தா. என் மடியில எடுத்துட்டு, 'சாரிம்மா'ன்னா. அந்த வயசுல புள்ளைக்கு சாரி கேக்கணும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க."

ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண மூடுனா காது கேக்காதா?" என்று கேட்டபடி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டாள். நர்ஸ் அதைப் பார்த்து, "நல்லா கவனிக்கிறீங்க மாதாஜி" என்று இந்தியில் சொன்னாள்.

பில்லிகிரவுண்டில் ரோடு பெயர்ந்து கிடந்தது. வண்டி குதிக்கிற ஒவ்வொரு குதிக்கும் அவர் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரண்டது. விஜயகுமாரி ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், இட்லிக்கு அரிசி ஊறப்போட்டதைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கே இரண்டாவது வெட்டு வந்தது, எங்கே ஜீப்பின் டயர் பஞ்சரானது, எங்கே ஒரு தெலுங்குக்காரி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், எங்கே பிள்ளை அதைக் குடிக்க முடியாமல் சிந்தினாள். அவருடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"அழுகுறீகளா? மேடையில ரெண்டு கண்ணும் அழுவுமே."

இடது கை தடவித்தடவி வந்து அவள் புடவை நுனியைப் பிடித்தது. அவள் அதை எடுத்துவிடவில்லை. இதே புடவை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நளினியும் வந்தாள் என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய். அன்றைக்கு வேறு புடவை. இவரைப் போல நாமும் ஜோடிக்க ஆரம்பித்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கதையில் ஒரு பொய்கூடச் சேரக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

ரங்கத்தில் பிரவீன்குமார் போன் செய்தான். "அம்மா, வீடியோ பாத்தேன். தீவு பூரா அதுதான் ஓடுது. எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் கோவம் கோவமா வருது. ஆனா..." குரல் உடைந்தது. "அப்பா மாதிரி யாருக்கும்மா வரும்?" நளினி செத்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன். கதையைக் குடித்து வளர்ந்தவன்.

"அப்பா நல்லாக் கேட்டுக்கிட்டு வர்றாரு. வையி" என்றாள்.

பக்குல்தலா தாண்டியது. "இங்கதான் பேச்சு கொறைய ஆரம்பிச்சுச்சு. ஆனா நெனவு இருந்துச்சுங்க. ஜெட்டிக்குப் போய்ச் சேந்ததும் ஒண்ணு கேட்டா. அது ஜெட்டி வந்ததும் சொல்றேன். அத அங்கதான் சொல்லணும்."

கடம்தலாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. நர்ஸ் குனிந்து அவர் கழுத்தில் விரல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. பிறகு கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், நெஞ்சை அமுக்கினாள், ரொம்ப நேரம் அமுக்கினாள். ராஜு வண்டியை ஓரங்கட்டினான். காட்டுக்குள் மழை தூற ஆரம்பித்தது.

"மாதாஜி, ஓ சலே கயே" என்றாள் நர்ஸ். போய்விட்டார்.

விஜயகுமாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போய்விட்டாரே! இன்னும் ஒரு இருபது கிலோமீட்டர் தாங்கியிருக்கக் கூடாதா? அன்றைக்கும் பாதியில் விட்டுவிட்டு ஏறிப் போனார், இன்றைக்கும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ராஜு வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை ஒடித்தான்.

"காடி மத் குமாவோ" என்றாள், திருப்பாதே என்று. "ஆகே சலோ. உத்தரா ஜெட்டி தக்." ஜெட்டி வரைக்கும் முன்னால் போ.

நர்ஸ் திகைத்தாள். செத்தவரை எதற்கு மேலே கொண்டுபோக வேண்டும், திக்லிபூருக்குத்தானே திரும்ப வேண்டும் என்று ராஜுவைப் பார்த்தாள். ராஜு வண்டியை நேராக்கி ஓட்டினான்.

கடலுக்குக் குறுக்கே இப்போது பெரிய பாலம் வந்துவிட்டது. ஃபெர்ரி நின்றுவிட்டதால் பழைய ஜெட்டிப் பக்கம் ஆள் இல்லை. டீக்கடைத் தகரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. ராஜு இறக்கத்தில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டான். விஜயகுமாரி இறங்கி நின்றாள். ஒச்சப்பனின் பாதங்கள் இரண்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இங்கேதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காது கேட்காதவரிடம் என்னத்தைச் சொல்வது?

"பாப்பா என்ன கேட்டுச்சும்மா?"

தமிழ். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. ராஜு கதவைப் பிடித்தபடி நின்றான்.

"நீ... நீ தமிழா?"

"கோவிந்தராஜ்ம்மா. எங்கப்பாவும் மதுரப் பக்கம்தான். எங்க வீடு ரங்கத்துல." முகத்தில் மழை வழிந்தது, துடைக்கவில்லை. "பாப்பா என்ன கேட்டுச்சு?"

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஹெலி சீட்டை அவள் விட்டுக்கொடுத்தது எதற்காக என்பது வரைக்கும் அவனுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் இருபத்தேழு வருஷமாக யாரும் கேட்காததை ஒருத்தன் கேட்டுவிட்டான், அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்பா மனுக் குடுத்துட்டாராம்மான்னு கேட்டா."

கோவிந்தராஜ் கீழே பார்த்தான்.

"ஆமா தங்கம், குடுத்துட்டாருன்னேன். சிரிச்சா. அவ்வளவுதான்."

பிறகு அவன் சொன்னான்: "ரங்கத் கூட்டத்துக்கு எங்கம்மா என்னையக் கூட்டிட்டுப் போச்சு. அப்ப எனக்குப் பதிமூணு வயசு. மேடைக்குக் கீழ ஒக்காந்து உங்களப் பாத்து எங்கம்மா அழுத அழுகை இருக்கே... வீட்டுல நளினி பேர்ல வெளக்கு வச்சுச்சு. சாகுற வரைக்கும் உங்க வீட்டுக்காரருக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு." நிமிர்ந்தான். "நீங்க மேடையில தலைய ஆட்டுனீங்கம்மா. நான் பாத்தேன். ஏன் ஆட்டுனீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்த பதில்கள்: பொம்பள என்ன செய்ய முடியும், செத்தவ திரும்பி வரவா போறா, இருக்கிறவராவது மேலே வரட்டும். அத்தனையும் இந்த இடத்தில் நாற்றமடித்தது.

"டெல்லியில வீடு குடுத்தாகப்பா" என்றாள். "எல்லாரும் என்னைய அம்மா அம்மான்னு கால்ல விழுந்தாக. நல்லா இருந்துச்சு."

கோவிந்தராஜ் கதவைச் சாத்தினான். வண்டியைத் திக்லிபூருக்குத் திருப்பினான்.

மறுநாள் மத்தியானம் வீட்டு வாசலில் பந்தல் கொள்ளாத கூட்டம். வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், மாயாபந்தரிலிருந்து பர்மாக்காரக் கரேன்கள்கூட வந்திருந்தார்கள். பாடையில் ஒச்சப்பன் கதர் சட்டையில் கிடந்தார். இடது கை நிற்காமல் நழுவி நழுவி விழுந்ததால் மார்போடு சேர்த்து ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் நின்றது. பிரவீன்குமாரையும் மாலைகளையும் ஹெலிபேடிலிருந்து ஏற்றி வந்த வண்டி.

மைக் நாகலிங்கம் கையில். அன்றைக்கு அவள் சீட்டில் ஏறிப்போன அதே நாகலிங்கம். வயசாகிவிட்டது, குரல் மட்டும் ஆகவில்லை. அஸ்ரினுக்கு நேற்றே ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்ததைச் சொன்னார், தாயும் பிள்ளையும் சுகம் என்றார். ஜனம் ஓவென்றது. பிறகு குரலை இறக்கினார்.

"அன்று அஞ்சு வயசுப் பிஞ்சைக் கொடுத்தார். இன்று தன்னையே கொடுத்துவிட்டார். இதைவிட ஒரு மக்கள் பிரதிநிதி என்ன செய்ய முடியும்? அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

மைக் அவள் முகத்துக்கு நேரே வந்தது. கூட்டத்தின் கடைசியில், ஆம்புலன்ஸின் பக்கத்தில் கோவிந்தராஜ் நின்றான். கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். தலையை ஆட்டினால் போதும். வழக்கம்தானே. அவளுக்கே தெரிந்தது, நேற்று அவள் போட்ட கையெழுத்து அந்தப் பொய்க்குப் போட்ட கையெழுத்தாகிவிட்டது என்று. இனிமேல் யார் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?

"அஞ்சு வயசு இல்ல" என்றாள்.

ஸ்பீக்கரில் அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிரவீன்குமார் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒம்போது. ஒம்போது வயசு எம்புள்ளைக்கு. ஹெலியில ரெண்டு சீட் இருந்துச்சு. ஒண்ணுல..."

நாகலிங்கம் பதறவேயில்லை. அவள் தோளை அணைத்துக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அம்மாவால தாங்க முடியல" என்றார், கண்ணீரோடு. "பெத்த வயிறு. வயசக்கூட மறக்கல பாருங்க."

அழுகைச் சத்தம் பந்தலைத் தூக்கியது. நாலைந்து பெண்கள் ஓடிவந்து அவள் காலைத் தொட்டார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையின் தலையை அவள் பாதத்தில் வைத்து எடுத்தாள். விஜயகுமாரி வாயைத் திறந்தாள். பிறகு, பழக்கம், அவள் கை தானாக அந்தக் குழந்தையின் தலையைத் தடவியது.

பாடையைத் தூக்கினார்கள். வாசல் வரைக்கும்தான் பெண்கள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஜார் திருப்பத்தில் ஒருத்தன் இடறினான், பாடை குலுங்கியது, துணிக்கட்டு அவிழ்ந்து இடது கை வெளியே நழுவித் தொங்கி, ஒவ்வொரு எட்டுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "கையக் கட்டுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். "இருக்கட்டும் விடு, அவரு ஜனத்தப் பாக்குறாரு" என்றார் நாகலிங்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் அழுதுகொண்டே கையைத் தூக்கித் திருப்பி ஆட்டினார்கள்.

கோவிந்தராஜ் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து வைத்து, ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வீசி, குனிந்து தேய்க்க ஆரம்பித்தான்.